நாய்க்கும் ஒரு நாமினி

(நம் குடியிருப்பின் பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாய் வளர்ப்பு பற்றியும், நான் எடுக்கிற படங்கள் பற்றியும் 20 நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பி.காம். படித்தவன். ஒரு பொதுத்துறை வங்கியில் 36 வருடம் கிளார்க்காக கவுன்டரில் உட்கார்ந்திருந்தவன். கால்நடை மருத்துவமும் தெரியாது, தொழில்முறைப் போட்டோகிராபரும் கிடையாது. 11 வருடமாக வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, 6 வருடமாகக் கையில் ஒரு கேமரா இருக்கிறது. என் தகுதி அவ்வளவுதான்.

இந்த அரங்கத்தில் நாய் என்றால் உயிரை விடுகிறவர்களும் இருக்கிறீர்கள், நாய் என்றாலே லிப்டை விட்டுப் படியில் இறங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். முடிவில் ஒரு கோரிக்கையும் வைக்கப்போகிறேன்.

வரவும் செலவும்

எங்கள் வீட்டு நாயின் பெயர் வெல்லம். செவலை நிற நாட்டு நாய். பாகு வெல்லத்தின் நிறம் என்று என் மனைவி வைத்த பெயர். ஒரு தத்தெடுப்பு முகாமிலிருந்து இரண்டு மாதக் குட்டியாக எடுத்து வந்தோம்.

முதலில் வரவைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும், ஆறு மாதம் போனால் செவ்வாய்க்கிழமை எது, சனிக்கிழமை எது என்று குழம்பிவிடும். நாய்க்கு லீவு நாள் கிடையாது. காலை ஐந்தரைக்குக் கட்டில் ஓரத்தில் வந்து நின்று மூக்கால் கையைத் தட்டுவான். மழையோ பனியோ இறங்கி நடந்தாக வேண்டும். என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டில் பாதி வெல்லத்துக்குச் சேர வேண்டியது.

இரண்டாவது வரவு, மனிதர்கள். இந்தக் குடியிருப்பில் என் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். "வெல்லம் தாத்தா" என்றால் செக்யூரிட்டி முதல் எல்.கே.ஜி. குழந்தை வரை தெரியும். மூன்றாவது வரவு, வீட்டுக்குள் ஒரு கலகலப்பு. பிள்ளைகள் வெளியூர் போன வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்கூடப் பேச மாட்டோம். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டதும் எந்த மூலையில் இருந்தாலும் வந்து சமையலறை வாசலில் உட்காருகிற ஒருவன் இருந்தால், பேச்சுக்கு விஷயம் கிடைத்துவிடுகிறது.

இனி செலவு. நல்ல கணக்கு என்றால் அதையும் எழுத வேண்டும். சாப்பாடு, தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, வயதாகிவிட்டதால் வருடத்துக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை. நாய் குட்டியாக இருக்கும்போது செலவு குறைவு. அதற்கு வயதாகும் காலத்தில்தான் கூடும், அப்போது நமக்கும் வயதாகி மருந்துச் செலவு கூடியிருக்கும். பேரன் ஆசைப்படுகிறான் என்று குட்டி வாங்கப் போகிறவர்கள் 12, 14 வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பணத்தில் எழுத முடியாத செலவும் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக முடியாது. தீபாவளி வந்தால் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது, காவல்தான். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம்மைத் திடுக்கிட வைக்கும் வெடி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று இருட்டுவதற்கு முன்பே நடையை முடித்துவிடுவோம். பிறகு ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, உள் அறையில் மின்விசிறியையும் ரேடியோவையும் ஓட விட்டு, நாங்களும் கூடவே உட்கார்ந்திருப்போம். வெடிக்குப் பயந்து அறுத்துக்கொண்டு ஓடிய நாய் தெருக்கோடி தாண்டிப் போய்விடும். அதனால் கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதிய வில்லை எப்போதும் இருக்கட்டும். மைக்ரோசிப் அரிசி அளவுதான் இருக்கும், தோலுக்கடியில் ஒரு ஊசியில் போட்டுவிடுவார்கள். 15 இலக்க எண், கணக்கு எண் மாதிரி. பட்டை கழன்றாலும் அது கழலாது.

சமையலறையிலும் கவனம் வேண்டும். சாக்லெட், வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை இவை நாய்க்கு ஆகாது. சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்களும் ஆகாது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற திராட்சை, சாம்பாரில் கிடக்கிற சின்ன வெங்காயம், எல்லாம் இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. ஆகவே "நாங்கள் சாப்பிடுவதையே அதுவும் சாப்பிடும்" என்று பெருமையாகச் சொல்லாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

போன பொதுக்குழுவில் நாய் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். யாரையும் குறை சொல்ல வரவில்லை. சட்டம் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. நாடாளுமன்றத்தில் அதற்கு அடி போட்டவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் கீழ் 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். அந்த வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே வழிகாட்டுதல் வளர்ப்பவர்களுக்கும் கடமை சொல்கிறது. பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துப் போக வேண்டும், தடுப்பூசி தவறக்கூடாது, நாய் அசுத்தம் செய்தால் நாமே எடுத்துப் போட வேண்டும். நம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்குவதும் கட்டாயம்.

கேட் வாசலில் இருக்கும் தெரு நாய்கள் விஷயத்தில், 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் சங்கத்துக்கே ஒரு பொறுப்பைத் தந்திருக்கின்றன. சோறு வைப்பதற்கு ஓர் இடத்தைக் குறித்துத் தர வேண்டும். அந்த இடம் குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் இவற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். சோறு போடுகிறவர்களும் குறித்த நேரத்தில் வைத்து, மிச்சத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இது இரண்டு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்பு கிடையாது. அது வெறிநாய்க்கடி நோய், ரேபிஸ். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அறிகுறி வருவதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தப்பலாம். லூயி பாஸ்டர் 1885-லேயே ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டு இதற்கு வழி காட்டிவிட்டார். நம் குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இருந்தும் இன்னமும் கடிபட்ட இடத்தில் மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காபித்தூள் வைக்கிறோம். எதையும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தவணை. அரசு மருத்துவமனையில் இலவசம். காயம் ஆழமாக இருந்தால் அதற்குத் தனியாக இன்னொரு மருந்தும் போடுவார்கள். "வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானே" என்று விட்டுவிட வேண்டாம். வெல்லமே கீறினாலும் நான் டாக்டரிடம் போவேன்.

கேமரா கற்றுக்கொடுத்தது

நாங்கள் சின்ன வயதில் இருந்தபோது ஒரு ரோல் பிலிமில் 36 படம். குடும்பத்தோடு திருப்பதி போனால் அந்த 36-ஐயும் எண்ணி எண்ணி எடுப்போம், நாய்க்கு அதில் பங்கு கிடைக்காது. ஓய்வு பெற்ற பிறகு பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினேன். உங்களிடம் இருக்கும் செல்போனே போதும். நான் கற்றுக்கொண்ட நாலைந்து விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இறங்குங்கள். நின்றபடி எடுத்தால் நாயின் முதுகும் பெரிய தலையும் குட்டிக் காலும்தான் வரும். நம் கண்ணும் அதன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் ஒரு குட்டை முக்காலி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கண்ணில் போகஸ் வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் வால் கலங்கியிருந்தாலும் படம் படம்தான். மூன்றாவது, பிளாஷ் வேண்டாம். நாயின் விழிக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, பிளாஷ் அடித்தால் கண் பச்சையாக எரியும். காலை ஆறரையிலிருந்து எட்டு, மாலை நாலரைக்கு மேல், அந்த வெளிச்சம் போதும். நான்காவது, ஓடும் நாயை எடுக்க ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். செல்போனில் விரலை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்துவிட்டு, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

நிறம் பற்றியும் ஒரு தகவல். நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்லில் சிவப்புப் பந்தைப் போட்டுவிட்டு "எடுத்துட்டு வா" என்றால் அது மோந்து மோந்துதான் தேடும். நீலப் பந்து போடுங்கள், ஓட்டமும் படமும் நன்றாக வரும். கறுப்பு நாயைக் கேமரா சாம்பலாகக் காட்டும், வெள்ளை நாயையும் சாம்பலாகக் காட்டும். கறுப்புக்கு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள், வெள்ளைக்குச் சற்றுக் கூட்டுங்கள்.

நம் வளாகத்திலேயே அணில், மைனா, கிளி, தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும் ஆந்தை எல்லாம் இருக்கின்றன. அவற்றையும் எடுங்கள். ஆனால் கூட்டின் அருகே போகாதீர்கள், கிளையை விலக்காதீர்கள். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்கள் தானே பொருத்தி உருவாக்கிய ஒரு விசித்திரக் கேமராவை வைத்துக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை ஒரே பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் படம் நன்றாக வருவதற்கான யோசனைகள். படம் எடுத்ததால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. ஓடும்போது கண்ணில் படாதது, படத்தில் நின்றுவிடும். நாய் தூக்கம் வராமலே கொட்டாவி விடும், சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும், காதைப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், உடம்பை விறைப்பாக்கும். "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்பதை நாய் இப்படித்தான் சொல்கிறது. பல நாய்கள் கடிப்பதற்கு முன் இதை நாலு முறையாவது சொல்லியிருக்கும். வால் ஆட்டினால் நட்பு என்றும் முடிவு கட்ட முடியாது. விறைப்பாக நின்று வாலை உயர்த்தி ஆட்டும் நாய் சந்தோஷமாக இல்லை.

குழந்தைகளே, கரும்பைக் கொஞ்சம் கீழே வையுங்கள். இது உங்களுக்கு. தெரியாத நாயைக் கட்டிப்பிடித்து செல்பி எடுக்கக்கூடாது. சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது. தொட ஆசையாக இருந்தால் முதலில் கூட வருகிற அங்கிள் ஆன்டியிடம் கேளுங்கள். அவர்கள் சரி என்றால், கையை நீட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நாய் தானாக வந்து மோந்து பார்த்தால் அதுவும் சரி சொல்லிவிட்டது. ஏதாவது நாய் துரத்தினால் ஓடாதீர்கள், மரம் மாதிரி நில்லுங்கள், கை இரண்டும் உடம்போடு ஒட்டி, கண் தரையைப் பார்த்து. சரி, கரும்பை எடுத்துக்கொள்ளலாம்.

படத்தால் இன்னொரு பயன். மாதத்துக்கு ஒரு தரம், அதே இடத்தில், பக்கவாட்டில் ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாக வெல்லத்தைப் படம் எடுத்து வைக்கிறேன். தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. மூன்று மாதப் படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும். சென்ற வருடம் அப்படி அடுக்கியபோது வலது பின்னங்கால் தொடை இடதை விட மெலிந்திருந்தது. டாக்டரிடம் மூன்று படத்தையும் காட்டினேன். இடுப்பு மூட்டுத் தேய்மானம், அந்தக் காலுக்கு எடை கொடுக்காமல் நடக்கிறான் என்றார். மருந்தும், வழுக்காத விரிப்பும், குறைந்த நடையும் என்று இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வைப்பது போலத்தான், ஒரு வரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

டி பிளாக்கில் நடந்தது

இப்போது சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியும். சம்பந்தப்பட்ட சார் இங்கே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் சொல்கிறேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு டி பிளாக் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தனியாக இருக்கிறவர். எப்படியோ போன் செய்து, 108 வந்து, செக்யூரிட்டியும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். கதவைப் பூட்டிச் சாவியை அவர் சட்டைப் பையிலேயே போட்டு அனுப்பினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த வீட்டில் ஒரு நாய் இருக்கிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வெடிச் சத்தத்துக்குக்கூடக் குரைக்காமல் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ஜாதி அது.

மறுநாள் மதியம் அந்த வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கும் அம்மாதான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். கீழே ஏதோ முனகுகிறது, பைப் சத்தம் மாதிரி இல்லை, போய்ப் பாருங்கள் என்றார்கள். பொதுக்குழுவில் நாய்க்கு எதிராக முதலில் கை தூக்கியவர்களும் அதே அம்மாதான். சின்ன வயதில் கடிபட்டவர்கள், அவர்கள் பயம் நியாயமானது. அந்தப் பயம் இருந்தும் அன்று காது கொடுத்தார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த நாய் இரண்டாவது இரவையும் தண்ணீர் இல்லாமல் கழித்திருக்கும்.

மருத்துவமனைக்கு ஆள் போய்ச் சாவி வாங்கி வந்து திறந்தோம். நாய் உயிரோடு இருந்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கேள்வி, யார் வீட்டுக்கு அழைத்துப் போவது? அப்போதுதான் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஊசி போட்டிருக்கிறதா? கடிக்குமா? என்ன சாப்பிடும்? ஏதாவது மருந்து போய்க்கொண்டிருக்கிறதா? எந்த டாக்டரிடம் காட்டுகிறார்? ஒன்றுக்கும் பதில் தெரியாது. சாருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அது நடு ராத்திரி, போனை எடுக்கவில்லை.

எனக்கு ஒரு படம் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் முன்பு பின்பக்கப் பூங்காவில் அந்த நாயை எடுத்திருந்தேன். கண்ணில் போகஸ் வைத்த படம், கழுத்துப் பட்டையும் தெளிவாக விழுந்திருந்தது. அறை முழுவதும் தேடியும் அன்று பட்டை கிடைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வில்லையில் கிளினிக் பெயரும் போன் நம்பரும் இருந்தன. போன் செய்தோம். "அவனுக்கு இருதய மாத்திரை இருக்கே, காலைல போட்டீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டார். போடவில்லை. மாத்திரை பிரிட்ஜுக்கு மேலே டப்பாவில் இருந்தது. ஊசி விவரமும் அவரே சொன்னார். அது தெரிந்த பிறகு சி பிளாக்கில் ஒரு குடும்பம் தயங்காமல் அழைத்துப் போனார்கள்.

சார் 40 நாள் கழித்து வாக்கரோடு திரும்பி வந்தார். நாயும் திரும்பி வந்தது. இப்போது சி பிளாக் பையன்தான் காலையும் மாலையும் நடத்தி அழைத்துப் போகிறான். நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பொழுதுபோக்குப் படம் கையில் இருந்ததால் முடிந்தது. அடுத்த தரம் இப்படி ஒரு படம் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

நாமினி

வங்கியில் 36 வருடம் ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான பேரிடம் சொல்லியிருக்கிறேன். "நாமினி காலத்தை நிரப்பிட்டீங்களா?" என்பேன். பலரும் முகம் சுளிப்பார்கள். அபசகுனம் மாதிரி நினைப்பார்கள். நிரப்பாமல் போனவர்களின் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்ததையும் அதே கவுன்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். யாருமே கேட்டு வராத டெபாசிட்டுகூட 10 வருடம் ஆனால் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும், வாரிசு பிறகு வந்தாலும் கேட்டு வாங்கலாம். பணத்துக்கு அவ்வளவு பாதுகாப்பு. பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு 10 வருட அவகாசம் இல்லை, ஒரு நாள்தான்.

எனக்கு 66, மனைவிக்கு 62, வெல்லத்துக்கு 11. யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. இந்தப் பேச்சை வீட்டில் எடுத்தபோது மனைவிக்குப் பிடிக்கவில்லை, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு பேப்பர் எடுத்து வந்து "எழுதுங்க" என்றாள். எதிர் வீட்டுத் தம்பதியிடம் கேட்டோம். உடனே ஒப்புக்கொள்ளாமல், ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அந்த ஒரு வாரம் யோசித்ததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டாவது பெயர் என் தம்பி மகன். வெல்லத்தின் பெயரில் ஒரு சிறிய டெபாசிட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நாய் பெயரில் கணக்குத் திறக்க முடியாது, என் பெயரில்தான் இருக்கிறது, எதற்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வங்கியில் நாமினி என்றால் சொத்துக்குச் சொந்தக்காரர் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அவர் உரியவர்களுக்காகப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான். நாய்க்கும் அப்படியே. நாமினியாக இருப்பவர் ஆயுள் முழுக்க வளர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் நாள் கதவைத் திறந்து தண்ணீர் வைத்து, அடுத்து என்ன என்று முடிவு செய்யும் வரை பார்த்துக்கொண்டால் போதும். அதற்குச் சம்மதிக்கப் பலர் இருப்பார்கள்.

என் கோரிக்கை

சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். ஒவ்வொரு வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் இந்த விவரங்கள் இருக்கட்டும்: முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று என இரண்டு படம், பெயரும் வயதும், கடைசியாக ரேபிஸ் ஊசி போட்ட தேதியும் அடுத்த தேதியும், மாநகராட்சி உரிம எண், சிப் எண், டாக்டர் போன் நம்பர், போய்க்கொண்டிருக்கும் மருந்து, எதற்குப் பயப்படும், எதற்குக் கோபப்படும், கடைசியாக நாமினி பெயர், போன், மாற்றுச் சாவி யாரிடம் என்ற குறிப்பு. சாவி விவரம் இருப்பதால் பதிவேடு செயலாளரின் பீரோவில் பூட்டியே இருக்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது.

நாய் வளர்ப்பவர்களுக்கு இதனால் பயன் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்கும் பயன் உண்டு. லிப்டில் உங்களோடு வரும் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். ஊசித் தேதியை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். தேதி தாண்டியவர்களை நீங்கள் தாராளமாகக் கேளுங்கள். நான் தாண்டினால் என்னையும் கேளுங்கள்.

படம் எடுப்பது என் பொறுப்பு. வருகிற நாலு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை பின்பக்கப் பூங்காவில் முக்காலியும் கேமராவுமாக இருப்பேன். கட்டணம் இல்லை. ஏ, பி பிளாக் முதல் வாரம், சி இரண்டாவது வாரம், டி, ஈ மூன்றாவது வாரம், நாலாவது வாரம் விட்டுப்போனவர்களுக்கு. கயிறு கட்டாயம், ஒரு நேரத்தில் ஒரு நாய், பிடித்த தின்பண்டம் ஒன்று கையில் இருக்கட்டும். பூனைக்காரர்கள் வர வேண்டாம், நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன், பூனை சொன்ன இடத்துக்கு வராது.

படிவம் இன்று மாலையிலிருந்து செக்யூரிட்டி மேஜையில் கிடைக்கும். கடைசிக் காலத்தை, நாமினி காலத்தை, காலியாக விட்டுக் கொடுத்தால் பழைய பழக்கத்தில் திருப்பி அனுப்பிவிடுவேன். இன்றே எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள், பொங்கல் கொடுக்கிற சாக்கில் கேட்டுவிடலாம்.